மூன்று தட்டு

குழந்தை உள்ள வீடுகளுக்கெல்லாம் குடியிருப்புச் சங்கம் எண்ணக் கற்றுத்தரும் ‘கணக்குக் கரடி’ என்ற பேசும் பொம்மையை இலவசமாகக் கொடுத்தது. வீட்டுக்கு மூன்று பேர்தான் என்று விதி போட்டதும் அதே சங்கம்தான்.

"வாசல்ல எத்தனை ஜோடி செருப்பு? எண்ணலாமா, மகிழினி?" என்று கரடி கொஞ்சியது.

செண்பகத்தின் கொழுந்தன் வேலை போய், நான்காவது ஆளாக வீட்டில் வந்து தங்கியிருந்தான். அவள் மகளின் காதில் சொன்னாள்: "எதை எண்ணினாலும் மூணோட நிறுத்திடு."

சாப்பிடும் நேரத்தில் தட்டு வைக்கச் சொன்னது கரடி. மகிழினி மூன்று வைத்து நிறுத்தினாள். கரடி கைதட்டியது.

உன் தட்டு எங்கே என்று செண்பகம் ஜாடையில் கேட்டாள்.

குழந்தை காதருகே வந்து கிசுகிசுத்தது. "சித்தப்பா இருக்கட்டும்மா. நான் இல்லன்னு வச்சுக்கலாம்."