காதுக்கு ஒரு கதவு

"அந்த ரேடியோவை யாராவது அணைச்சுட்டா, அவனுக்குச் சிலை வைப்பேன்டா" என்றான் ஆராய்ச்சி.

ரேடியோ என்பது அதே அறையில் வேலை பார்க்கும் அக்கா. பார்சல் கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவர்கள் மூன்றே பேர். அக்கா, ஆராய்ச்சி, தாடி. தொலைந்த பார்சலுக்கும் உடைந்த பார்சலுக்கும் மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்புவது வேலை. ஊரார் குறையைக் கேட்கச் சம்பளம் வாங்குகிறவர்களுக்குப் பக்கத்து மேஜைக் குரல் பொறுக்கவில்லை.

அக்காவின் மேஜை மேலாளர் அறைக் கதவை ஒட்டி இருந்தது. மற்ற இருவரும் அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள்.

"பாதி நாள் வாயே திறக்காது. திடீர்னு 'என் நாத்தனார் என்ன பண்ணா தெரியுமா'ன்னு ஊரைக் கூட்டும். நாத்தனாரோட ஃபிரிட்ஜ், நாத்தனாரோட மூட்டுவலி... எனக்கெதுக்குய்யா அதெல்லாம்?"

"நல்ல ஹெட்போனா ஒண்ணு வாங்கிக்க" என்றான் தாடி.

அதைத்தான் ஆராய்ச்சி சில வாரங்களாக, அலுவலக நேரத்தில், அலுவலகக் கணினியில் தேடிக்கொண்டிருந்தான். பெயர் வந்த காரணமே அதுதான். செருப்பு வாங்குவதென்றாலும் ஊர் உலகத்தின் கருத்தைப் படிக்காமல் கடைப் படி ஏறமாட்டான்.

"பஸ்ல எஞ்சின் இரைச்சல் கேக்கக் கூடாது. ஆபீஸ்ல போன் பேசினா மைக் தெளிவா இருக்கணும். மடிச்சுப் பையில வைக்கிற மாதிரி இருக்கணும், ஃப்ளைட்ல போறப்ப..."

"நீ எப்ப ஃப்ளைட்ல போனே?"

"போகாமலே இருந்துடுவேனா? விலையும் நம்ம கைக்கு எட்டணும்."

"உனக்குப் பொண்ணு கிடைச்சதே பெருசு. ஹெட்போன் கிடைக்காது." தாடி குரலைத் தாழ்த்தினான். "பார்த்துடா. வேலை நேரத்துல நீ வேற எதையோ பார்த்துட்டிருந்தேன்னு போன மாசம்தான் சார் பிடிச்சாரு. இன்னொரு தடவை மாட்டினா வேலை நிரந்தரம் ஆகாதுன்னு சொல்லியிருக்காரு."

"அன்னைக்கு என் நேரம் சரியில்ல. ரேடியோவும் லீவு. அமைதியா இருக்கேங்கற சந்தோஷத்துல அசந்துட்டேன். வேலை நிரந்தரம் ஆகலைன்னு வீட்டுக்குப் போய் நின்னா, மாமனார் என்னையே பார்சல் பண்ணிடுவாரு."

சாயங்காலம் இருவரும் கடைக்குப் போனார்கள். காதுக்குள் செருகுவது வேண்டாம், காதையே மூடுவது வேண்டும் என்றான் ஆராய்ச்சி. கடைக்காரர் மலிவில் இரண்டு எடுத்து வைத்தார்.

"வெளியில வர்ற சத்தத்தை அமுக்கிடும் சார். ஆனா எஞ்சின் சத்தம் அடங்கற அளவுக்கு மனுஷக் குரல் அடங்காது. கூடவே பாட்டும் ஓடினாத்தான் சுத்தமாக் கேக்காது."

ஒன்றை மாட்டிக்கொண்டான் ஆராய்ச்சி. "டேய், அக்கா மாதிரிப் பேசு."

தாடி இடுப்பில் கை வைத்து, கழுத்தை வெட்டி, கீச்சுக் குரலில் ஆரம்பித்தான். "என் நாத்தனார் என்ன பண்ணா தெரியுமா!"

கடையே சிரித்தது.

"கேக்குது." அடுத்ததை மாட்டினான். பாட்டை ஓடவிட்டான். தாடி நாத்தனாரை இன்னும் உரக்க இழுத்தான்.

ஆராய்ச்சியின் முகத்தில் முக்தி அடைந்தவன் களை வந்தது. "இதையே பேக் பண்ணுங்க. நீயும் ஒண்ணு எடுத்துக்கடா."

"உன் காது பிழைக்குதான்னு பார்த்துட்டு வாங்கறேன்" என்றான் தாடி.

மறுநாள் அலுவலகம் சொர்க்கமாக இருந்தது. வந்து குவிந்த புகார்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, தான் வாங்கிய ஹெட்போனைப் புகழும் வீடியோ ஒன்றை ஓடவிட்டான் ஆராய்ச்சி. வாங்கிய பிறகு, வாங்கியது சரிதான் என்று இன்னொருவன் வாயால் கேட்பதில் ஒரு ருசி.

நடுவில் தற்செயலாகத் திரும்பினான். அக்காவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. கை ஆடியது. கண் உருண்டது. சத்தம் மட்டும் இல்லை.

காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒலியைக் கூட்டினான்.

கசக்கிய காகிதம் ஒன்று முதுகில் வந்து விழுந்தது. வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டான்.

தோளில் ஒரு கை விழுந்தது.

"அக்கா, நாத்தனாரை நாளைக்கு வரச் சொல்லுங்க" என்றான், திரும்பாமலே.

ஹெட்போன் தலையிலிருந்து தானாக மேலே எழும்பியது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மேலாளர்.

பக்கத்தில் தாடி, உடைந்துபோன கண்ணாடி அலமாரிக்காக யாரிடமோ உருகி உருகி மன்னிப்புக் கேட்டு மெயில் அடித்துக்கொண்டிருந்தான். மேலாளர் அவன் திரையைப் பார்த்தார். இவன் திரையையும் பார்த்தார்.

"நிரந்தரத்தைப் பத்தி இனிமே என்கிட்ட பேச்சே எடுக்காதே."

ஆராய்ச்சிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மேலாளர் மேல் காட்ட முடியாத ஆத்திரம் வழக்கம்போல் அக்கா மேல் பாய்ந்தது.

"நாத்தனார் கதை அவ்வளவு சொல்லத் தெரியுதே! சார் வர்றாருன்னு ஜாடையா ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டு கணினியைப் பார்த்தார்.

மேலாளர்தான் பதில் சொன்னார்.

"நான் கதவுல கை வைக்கும்போதெல்லாம் அந்தம்மா சத்தம் போடுவாங்க. நீ எரிச்சல்ல திரும்புவே. என்னைப் பார்த்ததும் உன் திரை மாறிடும். தெரிஞ்சும்தான் விட்டு வெச்சிருந்தேன். இன்னைக்கும் தொண்டை கிழியக் கத்தினாங்க. அவங்க வீட்டுக்காரர் ஒத்தைப் பிள்ளை. அவங்களுக்கு ஏதுய்யா நாத்தனார்?"