குப்பைக்குப் போகாத சோறு

ஜன்னல் வழியே மத்தியான வெயில், எல்லோரும் சாப்பிட்டு எழுந்த மேசைமேல் சாய்ந்து விழுகிறது. மகள் குப்பைக்கூடையைத் தூக்கிவந்து கவிழ்த்துக் காட்டுகிறாள். "பாத்தியாம்மா, ஒரு பருக்கைகூட வீணாகல. நம்ம வீடு திருந்திடுச்சு." "எல்லாம் என் பொண்ணு போட்ட சட்டம்," என்று கைபேசியிலிருந்து கண்ணெடுக்காமல் மெச்சுகிறார் அப்பா. அம்மாவின் தட்டில் நேற்றைய பருப்பும், மகன் கடித்துவைத்த ரொட்டியும், அப்பா ஒதுக்கித்தள்ளிய காயும் கிடக்கின்றன. அடுப்பில், மற்றவர்களுக்குப் பரிமாறியதுபோக மீந்த புதுச்சோறு இன்னும் ஆவி விடுகிறது. அம்மா கரண்டியை எடுத்தபடி, "எனக்கும் இன்னிக்கு சூடா ஒரு வாய் வேணும்டி," என்கிறாள். கேட்டதே அவளுக்குக் கூச்சமாக இருக்கிறது. "பழசு தீரட்டும்மா," என்று கரண்டியைச் செல்லமாக வாங்கிக்கொண்டு, மகள் சோற்றுப்பானையை மூடுகிறாள். "இது எங்கயும் போயிடாது. நாளைக்கு முழுசும் உனக்குத்தான்."