கிளறிய சோறு

சிறைக்காவலர் சோற்றுப் பார்சலைப் பிரித்து, கரண்டியால் நன்றாகக் கிளறிப் பார்த்த பிறகே உள்ளே விட்டார்.

கம்பிவலையின் இரு பக்கமும் ராமையாவும் மகன் தவசீலனும் நின்றார்கள்.

“மெலிஞ்சிட்டியே. சிகிச்சைக்கு விடாமப் போறியா?”

“போறேம்பா. இப்ப தூளை நெனச்சாலே குமட்டுது.”

“அது போதும்.”

“எல்லாம் என்னாலதானேப்பா.”

“விடு. அன்னைக்கு நீ துடிச்சதப் பார்த்துக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியல.”

மணி அடித்தது. தவசீலன் கண்களைத் துடைத்துக்கொண்டு, ஊருக்குப் போகும் கலஹா பஸ்ஸைப் பிடிக்க வெளியே நடந்தான்.

ராமையா பார்சலுடன் தன் சிறைக்கூடத்துக்குத் திரும்பினார். அன்று இதே வலைக்குப் பின்னால் கைதியாக நின்று போதைத் தூள் கேட்டு அழுத மகனுக்காக, அதைச் சோற்றுக்குள் மறைத்துக் கொண்டுவந்து பிடிபட்டவர் அவர்.