எட்டுக் கிலோ

“எட்டுக் கிலோ குறைஞ்சிரிக்கி, தங்கச்சி!” டொக்டர் அப்துல் கபூர் நிறுக்கும் மெஷினை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். “அல்ஹம்துலில்லாஹ்! என்ன மகன் செஞ்சாய்?”

பதின்மூன்று வயதுக் கோணேசன் வெட்கத்தோடு சிரித்தான். அவன் அம்மா பாக்கியம் சிரிக்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்திருந்த அவளுடைய விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

“எட்டா டொக்டர்? சரியாப் பாருங்க.”

“ரெண்டு தரம் பாத்துட்டன்.”

போன முறை டொக்டர் சத்தம் போட்டிருந்தார். வகுப்பிலேயே பெரிய உடம்பு கோணேசனுக்கு. பள்ளிக்கூட மாடிப்படியில் மூச்சு முட்டி மயங்கி விழுந்தவனை வாத்தியார்தான் கல்முனைக்குக் கூட்டிவந்தார். “இந்த வயசிலேயே பிரசரும் சீனி வருத்தமும் வரப் போகுது. தீனி போட்டே புள்ளயக் கொல்லப் போறீங்களா?” என்று டொக்டர் கேட்டபோது, பின்னால் ஓடிவந்திருந்த பாக்கியம் மகனைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

“அம்மா போடுற சோத்தில பாதிய நாய்க்கு வெச்சிருவன் சேர்,” என்றான் கோணேசன். “விடிய எழும்பிக் கடற்கரையில ஓடுறன். இப்ப ஒருத்தனும் என்னப் பூசணிக்காய் எண்டு கூப்பிடுறல்ல.”

“ஓடுறியா?” பாக்கியம் மகன் பக்கம் திரும்பினாள். “எனக்கிட்டச் சொல்லாமலா?”

“சொன்னா விடுவீங்களா?”

அவள் கண்கள் நிறைந்தன. சந்தோசத்தில் அழுகிறாள் என்று டொக்டர் நினைத்தார்.

“திரும்ப ஏறுமா டொக்டர்?”

“பயப்படாதீங்க. சாப்பாட்டில கவனமா இருந்தா ஏறவே ஏறாது.”

அவள் முகம் இன்னும் இருண்டது. பாவம், தாய்க்குப் பயம் தெளியவில்லை. டொக்டர் குழாயை வைத்துக் கோணேசனின் நெஞ்சை நிதானமாகச் சோதித்தார்.

“நெஞ்சு சுத்தம். மூச்சும் வாங்கல்ல. உங்கட புள்ள தப்பிட்டான், தங்கச்சி.”

பாக்கியம் மகனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

“கூனி நட மனே. களைச்சுப்போன மாதிரி நட.”

“ஏன் அம்மா? டொக்டர்தான் எல்லாம் சுகம் எண்டாரே.”

“சொன்னதச் செய்!”

சந்தி வருவதற்குள் பின்னால் ஒரு வேன் உரசிக்கொண்டு வந்து நின்றது. பையன்களைப் பிடித்து ஆயுதப் பயிற்சிக்கு ஏற்றிப்போகும் வேன். வீதியில் நின்றவர்கள் கடைகளுக்குள் ஒதுங்கினார்கள். துவக்கோடு இறங்கியவன் கோணேசனை மேலும் கீழும் பார்த்தான்.

“தம்பி, இவன் சின்னப் புள்ள,” பாக்கியம் கும்பிட்டாள். “வருத்தக்காரன். மருந்து எடுத்துட்டுத்தான் வாறம். இவனுக்கு ஓட ஏலாது தம்பி.”

அவன் சிரித்தான். அவளுக்கு அந்த முகம் தெரியும். அவளுடைய மூத்த மகனை வீட்டிலிருந்து இழுத்துப்போன அன்று, “இந்தக் குண்டன் வேணாம், ஓடமாட்டான்” என்று கோணேசனைத் தள்ளிவிட்டுப் போனவன் இவன்தான். அன்றிலிருந்துதான் பாக்கியம் மகனுக்குச் சோற்றை அள்ளி அள்ளிப் போட்டாள்.

“நல்லா மெலிஞ்சிட்டாய்டா,” என்றபடி அவன் வேனின் கதவைத் திறந்தான். “ஏறு.”