இடது மூலையில் ஒரு திட்டு

ஒரு கடையின் சுவரில் பெரிய டிவியும் சின்ன டிவியும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருந்தன. நாள் முழுக்க இரண்டிலும் ஒரே கடல் காட்சிதான் ஓடும். அலை எழும்போதெல்லாம் சின்ன டிவிக்குப் பெருமை தாங்காது.

ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர் திரையில் குறை இருக்கிறதா என்று சோதித்துக் காட்டக் கேட்டதால், கடைக்காரர் இரண்டிலும் வெறும் சாம்பல் நிறத்தை ஓடவிட்டார். பெரிய டிவி எட்டிப் பார்த்தது.

"அடடா, உன் இடது மூலையில அழுக்குத் திட்டு மாதிரி இருக்கே! என்னைப் பாரு, எங்கேயும் ஒரே சீரா இருக்கேன்."

அன்றிலிருந்து சின்ன டிவி அலையை ரசிக்கவே இல்லை. "இப்பத் தெரியுதாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. கடல் ஓடும்போது அந்தத் திட்டு யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனாலும் சின்ன டிவி தன்னையே அண்டிக் கேட்பது பெரிய டிவிக்குப் பிடித்திருந்தது. "தெரியுது, தெரியுது" என்றே சொல்லிவந்தது.

ஒரு காலையில் புதுமணத் தம்பதி வந்தார்கள். சின்ன டிவியின் முன்னால் மெய்மறந்து நின்றார்கள். அதையே கேட்டு வாங்கினார்கள்.

"வீட்டுக்குப் போனதும் கண்டுபிடிச்சிடுவாங்களாண்ணே?" என்று கேட்டது சின்ன டிவி.

பெரிய டிவி அவசரமாக, "இல்லடா தம்பி, கடல் ஓடறப்போ அது..." என்று ஆரம்பித்தது.

அதற்குள் கடைக்காரர் சின்ன டிவியின் ஒயரைப் பிடுங்கிவிட்டார். கறுத்துப்போன அந்தத் திரைக்கு மீதிப் பேச்சு கேட்கவே இல்லை.