ஒரு மணி நேரத்துக்குள்ள

காலைல எட்டு மணி. மைசூர் சயாஜிராவ் ரோட்டுல தசரா யானைங்க நடைப்பயிற்சிக்குக் கிளம்பிடுச்சு, வண்டியெல்லாம் அப்படியே நிக்குது. ஸ்கூட்டர் ஓட்டறது மகேஸ்வரி. பின்னாடி அவ புருஷன் தீபக் சட்டைக்குள்ள கையை விட்டு, அக்குள்ல ஒரு சின்ன டப்பாவை அணைச்சுப் பிடிச்சிருக்கான். உள்ள இருக்கறது அவனோட விந்து. சூடு ஆறாம, ஒரு மணி நேரத்துக்குள்ள லேப்ல குடுக்கணும். கொரோனா வந்து போனதும் எடுத்த டெஸ்ட்ல விந்தணு எண்ணிக்கை ரொம்பக் கம்மி. "காய்ச்சலாலயும் இருக்கலாம், மூணு மாசம் கழிச்சுப் பாக்கலாம்"னு டாக்டர் சொல்லி, இன்னிக்கோட மூணு மாசம். பக்கத்து பைக்ல இருக்கற பெரியவர் யானையைப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கிட்டு, "கை முகீரி சார், கும்பிடுங்க!"ன்னு அதட்டறார். தீபக் கையை வெளிய எடுக்க முடியாம தலையை மட்டும் ஆட்டறான். "என்ன சார், கைல அடியா?" "டிபன் பார்சல் சார், ஆறிடும்"ங்கறா மகேஸ்வரி, திரும்பாமலே. முன்னாடி போற யானை நின்னு, ஒரு அவசரமும் இல்லாம குடம் குடமா மூத்திரம் விடுது. ஜனம் சிரிக்குது. நாப்பத்திரண்டு நிமிஷம் ஆச்சு. "நான் எறங்கி ஓடறேன், மகேசு." "நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கறீங்க. இங்க குடுங்க." ஸ்வெட்டர் ஜிப்பை எறக்கி, டப்பாவை நெஞ்சோட வெச்சு மூடறா. நாலு வருஷமா அதே லேப்ல டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துக் குடுத்து அவளுக்குக் குறுக்குச் சந்தெல்லாம் அத்துப்படி. கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு ஓடறா. தீபக் ஸ்கூட்டரைப் பிடிக்கறான். இந்தக் குளிர்லயும் ஹாண்டில் ரெண்டும் அவ வேர்வையில நனைஞ்சிருக்கு.