உள்ளங்கையில் ஒரு தூக்கம்

உத்திரமேரூர் சாலையோரத்து ஆய்வுக்கூடத்தில் காலை பத்து மணி. ஜன்னலில்லாத எலி அறையில் டியூப்லைட்டுகள் மூன்று நாளாக அணையாமல் எரிகின்றன. கண்ணாடித் தொட்டியில் தண்ணீர். நடுவே டம்ளர் வாயளவு மேடை. அதன்மேல் ஒரு வெள்ளெலி கூனி நிற்கிறது. கண் சொருகும்போதெல்லாம் மூக்கு தண்ணீரில் பட்டு, விதிர்த்து எழுகிறது. தூங்காத உடம்பில் மன அழுத்த ஹார்மோன் எவ்வளவு ஏறும் என்பதுதான் சோதனை. எலிகளைப் பராமரிக்கும் சுகிர்தா, கையுறை மாட்டிய கையை நீட்டுகிறாள். மனிதக் கைக்குப் பயந்தாலே ரத்தத்தில் அந்த ஹார்மோன் அளவு மாறிவிடும் என்பதால், ஒரு மாதமாகத் தினமும் தூக்கித் தடவிப் பழக்கியவள் அவள்தான். எலி தானாகவே ஏறி வருகிறது. ஈர வயிற்றை உள்ளங்கையில் பதித்து, கட்டைவிரல் மடிப்புக்குள் மூக்கை நுழைத்ததும் தூங்கிவிடுகிறது. மீசை மயிர்களின் நடுக்கம் அடங்குகிறது.

“தூங்க வுடாதீங்கக்கா. ரத்தம் எடுக்கறதுக்குள்ள தூங்கிட்டா மூணு நாள் வேலையும் வேஸ்ட்டு,” என்கிறான் ஊசியோடு நிற்கும் ஆய்வு மாணவன் விஜய். குரலில் கடுமையில்லை.

“இப்பதான் கண்ண மூடிக்கினு கீது சார். ஒரு நிமிசம்.”

அவன் கடிகாரத்தைப் பார்க்கிறான். கையுறையைத் தாண்டி அந்தச் சின்ன நெஞ்சின் துடிப்பு சுகிர்தாவுக்குத் தெரிகிறது. இந்தக் கைக்கு அதைப் பழக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. விரலால் அதன் முதுகில் மெல்லத் தட்டுகிறாள். பிறகு சற்றுப் பலமாக. எலி கண்ணைத் திறக்கிறது. எழுப்பியது யாரென்று தெரியாமல், அவள் கைக்குள்ளேயே இன்னும் ஆழமாக ஒடுங்குகிறது.